பி.ஆர்.ஓ. நாற்காலியில் யார்?

சங்கரன்கோவிலில் ஓரளவு பெரிய தனியார் ஆஸ்பத்திரி எதற்குள் நுழைந்தாலும் முதலில் நம்மை எதிர்கொள்வது ஒரு பெண்தான். டோக்கன் போடுவது அவர். பழைய சீட்டைத் தேடி எடுப்பது அவர். "டாக்டரு எப்பம்மா வருவாவ?" என்று பத்தாவது ஆளாகக் கேட்கிறவருக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது அவர். காப்பீட்டு அட்டை செல்லுமா செல்லாதா என்று விளக்குவதும், பில்லைப் பார்த்துக் கொதிக்கிற மருமகனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதும் அவரே. அவருக்குப் பெயர் 'ரிசப்ஷன்'.

அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு பி.ஆர்.ஓ.வும் இருப்பார். அவர் பெரும்பாலும் ஆண். பைக்கில் கிராமம் கிராமமாகப் போய் மெடிக்கல் ஸ்டோர்காரரையும் ஆம்புலன்ஸ் டிரைவரையும் பார்த்துப் பேசி, நோயாளிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடச் செய்வது அவர் வேலை. இலவச முகாம் போட்டால் நிருபர்களுக்கு போன் செய்வதும் அவர்தான். பெட்ரோல் படி, செல்போன் படி, விசிட்டிங் கார்டு எல்லாம் அவருக்கு. ஒரு நாளில் அதிக மக்களிடம் பேசியவர் யார் என்று கேட்டால் விடை தெரிந்ததுதான். மக்கள் தொடர்பு அலுவலர் என்ற பட்டம் யாருக்கு என்றாலும் விடை தெரிந்ததுதான். இரண்டும் ஒரே ஆள் இல்லை.

மக்கள் தொடர்புத் தொழிலில் ஆண் பெண் சமநிலை இல்லை என்று உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பேசுகிறார்கள். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசப்படுகிற சமநிலைக் குறைவு வேறு, நம் ஊரில் இருப்பது வேறு. அங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பெண்கள் குறைவு என்பதல்ல அங்கே புகார்; இத்தனை பெண்கள் இருந்தும் நிறுவனத் தலைமையில் ஆண்களே இருக்கிறார்கள், சம்பளமும் ஆண்களுக்கே கூடுதல் என்பதுதான். இங்கோ, எண்ணுவதற்கு முன்னால் யாரை எண்ணுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பட்டம் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஒரு கணக்கு வரும். வேலையைச் செய்கிறவர்களை எண்ணினால் அது தலைகீழாகிவிடும். வாசலில் நின்று பேசுகிற வேலை மலிவு, அது பெண்ணுக்கு. பத்திரிகைக்காரர், அமைச்சர், தயாரிப்பாளர் என்று செல்வாக்கு உள்ளவர்களிடம் பேசுகிற வேலைக்கு மதிப்பு அதிகம், அது ஆணுக்கு. இந்தப் பங்கீட்டைப் பார்க்காமல் விழுக்காடு பேசிப் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பங்கீடு தொழிலின் தொட்டிலிலேயே இருந்தது. நவீன மக்கள் தொடர்பின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் எட்வர்ட் பெர்னேஸ், 1919-ல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் டோரிஸ் ஃப்ளைஷ்மன், நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். 1922-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். நிறுவனத்தில் சம பங்காளிகளாகவும் இருந்தார்கள். திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே 1925-ல் அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கியவர் அந்த அம்மையார். அத்தனை பிடிவாதக்காரர் வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு மட்டும் போகமாட்டார். யோசனை ஒரு பெண்ணிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு மதிப்பு குறையும் என்பது அவர்கள் வீட்டுக்குள் செய்துகொண்ட கணக்கு. அறிக்கைகளும் திட்டங்களும் எழுதியதில் அவருக்குப் பெரும் பங்கு. மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தவர் கணவர்.

1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்ததை விளம்பரத் துறை மாணவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். 'விடுதலையின் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்காக பெர்னேஸ் போட்ட திட்டம் அது. முன்வரிசையில் நடந்தவர் அவருடைய செயலாளர் பெர்த்தா ஹன்ட். இது என் சொந்த யோசனை என்று நிருபர்களிடம் சொன்னவரும் அவரே. பெண்ணுரிமையின் பெயரால் பெண்களிடம் சிகரெட் விற்ற அந்த நாளில் முகம் பெண்ணுடையது, காசோலை ஆணுடையது. தொழிலின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சியிலேயே இதுதான் ஏற்பாடு என்றால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்துக்கு ஒரு பெண், பெட்ஸி ப்ளாங்க், தலைவராக வந்தது 1973-ல். அதன் பிறகு பெண்கள் அலையலையாக வந்தார்கள். 1970-ல் கால் பங்குக்குச் சற்று மேலாக இருந்தவர்கள் 1980களில் பாதியைத் தொட்டார்கள். உடனே கவலையும் வந்தது. சர்வதேசத் தொழில்முறைத் தொடர்பாளர் சங்கத்தின் ஆதரவில் 1986-ல் 'வெல்வெட் கெட்டோ' என்ற தலைப்பில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. வசதியாகத் தெரிகிற, ஆனால் வெளியேற வழியில்லாத ஓர் ஒதுக்கிடத்தில் பெண்கள் அடைக்கப்படுகிறார்கள் என்றது அது. ஆசிரியப் பணிக்கும் செவிலியர் பணிக்கும் நேர்ந்தது இதற்கும் நேரும், பெண்கள் பெருகப் பெருகத் தொழிலின் சம்பளமும் மதிப்பும் இறங்கும் என்று எச்சரித்தது. க்ளென் ப்ரூம், டேவிட் டோசியர் ஆகியோரின் ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. எழுதுவது, அச்சுக்குத் தயார் செய்வது, நிகழ்ச்சி நடத்துவது போன்ற செய்முறை வேலைகளில் பெண்கள் தங்கிவிடுகிறார்கள். கொள்கை முடிவெடுக்கும் நிர்வாகப் பாத்திரத்துக்கு ஆண்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.

பெண்கள் வந்ததால் தொழில் தாழ்ந்தது என்ற அந்த வாதத்தை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. பெண்கள் வந்ததும் சம்பளத்தைக் குறைத்தவர்கள் யார் என்ற கேள்வியை அது தாண்டிப் போய்விடுகிறது. ஆனாலும் செய்முறைக்கும் முடிவெடுப்பதற்கும் இடையில் ப்ரூமும் டோசியரும் போட்டுக் காட்டிய கோடு நமக்கு உதவும்.

இந்தியாவில் டாட்டா குழுமம் 1943-ல் பம்பாய்த் தலைமையகத்தில் மக்கள் தொடர்புப் பிரிவைத் தொடங்கியது. மினூ மசானி அதன் பொறுப்பில் இருந்தார். 1958-ல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் உருவானது. அந்தக் காலத்து பி.ஆர்.ஓ. என்றால் பத்திரிகையில் பல வருஷம் இருந்துவிட்டுப் பொதுத்துறை நிறுவனத்துக்கு வந்த ஆண் என்பதே பொதுவான சித்திரம். தாராளமயமாக்கலுக்குப் பிறகுதான் காட்சி மாறியது. 1992-ல் பிரேமா சாகர் ஜெனிசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-ல் அதை பர்சன் மார்ஸ்டெல்லர் என்ற பன்னாட்டு நிறுவனம் வாங்கியது. பெங்களூரில் 2000-ல் நந்திதா லட்சுமணன் 'தி பிராக்டீஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்தக் காலில் ஏஜென்சி தொடங்கி நடத்திய பெண்கள் இந்தத் துறையில் கண்ணில் படும் அளவுக்கு இருக்கிறார்கள். பழைய நிறுவனத்தின் படிக்கட்டில் ஏறுவதைவிடப் புதுக் கடை போடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

நீரா ராடியாவைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. 2010 நவம்பரில் ஓபன், அவுட்லுக் இதழ்கள் வெளியிட்ட அவருடைய தொலைபேசி உரையாடல்களைத் தமிழ்நாட்டில் டீக்கடை டீக்கடையாகப் பேசினார்கள். 2009 மத்திய அமைச்சரவையில் தி.மு.க.வுக்கு எந்த இலாகா என்ற பேரம் அதில் இருந்ததே காரணம். டாட்டா, முகேஷ் அம்பானி குழுமம் இரண்டுக்கும் மக்கள் தொடர்பு பார்த்தவர் அவர். தரகு வேலை தில்லியில் புதிதல்ல. காலங்காலமாக ஆண்கள் செய்துவந்ததுதான். ஆனால் ஒரு பெண் அதைச் செய்தார் என்றதும் பேச்சு அவர் உடுப்பு, குரல், சிரிப்பு என்று போனது. அறைக்குள் நுழைந்த பெண்ணைத் தொழிலின் குற்றத்துக்காகக் கேள்வி கேட்பது நியாயம். பெண் என்பதற்காகக் கேட்டது தனிக் கணக்கு. துறையில் சேர நினைக்கும் பெண்ணின் வீட்டார் காதில் இரண்டாவதுதான் அதிகம் விழுந்தது.

படிப்பில் குறை சொல்ல முடியாது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ், எம்.ஓ.பி. வைஷ்ணவ் போன்ற பெண்கள் கல்லூரிகள் ஊடகமும் மக்கள் தொடர்பும் கற்பிக்கின்றன. தெற்கே பாளையங்கோட்டையில் விஸ்காம் படிக்கலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. சங்கரன்கோவில், புளியங்குடி, திருவேங்கடம் பக்கத்திலிருந்து போய்ப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. படித்து முடித்ததும் வேலை இருப்பது சென்னையிலோ பெங்களூரிலோ. ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் ரிசப்ஷன், டெலிகாலிங், இல்லையென்றால் பள்ளி ஆசிரியை. ஊரில் பி.ஆர்.ஓ. வேலை இல்லாமல் இல்லை. அது பைக் ஓட்டுகிற, ராத்திரி பத்து மணிக்கு லாட்ஜில் ஆளைப் பார்க்கிற, டீக்கடையில் நிருபரோடு நின்று பேசுகிற ஆளுக்கான வேலை என்று எழுதாமலே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அரசு பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கு மாவட்டந்தோறும் ஓர் அலுவலகம் உண்டு. 2019 நவம்பர் 22-ல் சங்கரன்கோவிலை உள்ளடக்கிய தென்காசி தனி மாவட்டமானபோது இங்கும் வந்தது. செய்தி வெளியீடு எழுதுவது, கலெக்டரின் ஆய்வுக்குப் படம் எடுக்க ஏற்பாடு செய்வது, நிருபர்களை வேனில் ஏற்றிக்கொண்டு திட்டப் பணிகளைக் காட்டுவது, கண்காட்சி போடுவது எல்லாம் அதன் வேலை. வெளியாருக்கு அதிகம் தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. தலைவர்களின் நினைவிடங்களையும் மணிமண்டபங்களையும் இந்தத் துறைதான் பராமரிக்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் நெற்கட்டும்செவல் பூலித்தேவன் நினைவு மாளிகை அப்படிப்பட்டது. வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போகும்போது சங்கரநாராயணர் கோவிலில் கும்பிட வேண்டும் என்று கேட்டு உள்ளே போன பூலித்தேவர் அங்கேயே மறைந்துவிட்டார் என்று இந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 1-ல் அவர் பிறந்தநாள் அரசு விழா. அதற்குச் சில நாள் முன்னால், ஆகஸ்ட் 20-ல், அவருடைய படைத்தளபதி ஒண்டிவீரன் நினைவு நாள். அமைச்சர்கள் வருவார்கள், கட்சிகள் வரிசையாக மாலை போட வரும், சமுதாய அமைப்புகள் வரும், போலீஸ் குவிந்திருக்கும். யார் எத்தனை மணிக்கு, எந்த மாலை முதலில், எந்தப் படம் பத்திரிகைக்கு என்பதில் ஒரு சிறு பிசகு வந்தாலும் பெரிய வம்பாகிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு அங்கே நின்றாக வேண்டும். முந்தின நாள் ராத்திரி வீட்டுக்குப் போனால் உண்டு.

பெண்களால் இது முடியாது என்று சொல்கிறவர்களுக்குச் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்துக்கு விடிய விடிய நிற்கும் பெண் போலீசாரைக் காட்டலாம். முடியுமா முடியாதா என்பதில் சிக்கலே இல்லை. போலீசுக்கு வேன் உண்டு, ஓய்வறைக்கு ஏற்பாடு உண்டு, கூட்டமாக வேலை செய்கிறார்கள். மாவட்டச் செய்தி அலுவலகம் என்பதோ விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஒருவருக்குக் குழந்தைப்பேறு விடுப்பு கொடுத்தால் மற்றவர் தலையில் முழு மாவட்டமும் விழும். ஆள் பற்றாத அலுவலகத்தில் பெண்ணைப் போடத் தயங்குவதும், போட்டால் கோப்பு மேசையில் உட்கார வைப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அதை 40 ஆக்கப்போவதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் இடஒதுக்கீடு வாசலைத் திறக்கும்; உள்ளே போனவருக்கு எந்த மேசை, எந்த வண்டி, எந்தக் கையெழுத்து என்பதை அது தீர்மானிக்காது. செய்தி வெளியீட்டை எழுதுவது ஒரு பெண், நிருபரிடம் பேசுவது ஓர் ஆண் என்று அலுவலகத்துக்குள் பிரிந்துவிட்டால் ப்ரூமும் டோசியரும் கண்ட கோடு தென்காசியிலும் விழும்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1958-ல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' வழியாக ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார். 2016-ல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையே அவரை நன்றியோடு நினைத்தது. அவருக்குப் பின் 'மக்கள் தொடர்பு' என்று டைட்டிலில் ஓடிய பெயர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள், ஏறத்தாழ எல்லாம் ஆண்கள். சுரேஷ் சந்திராவின் பெயரோடு ரேகாவின் பெயரும் வருகிற படங்கள் இப்போது உண்டு. விதிவிலக்கு என்றே சொல்ல வேண்டும். பிரஸ் மீட்டும் கவரும் இரவுக் காட்சியும் சேர்ந்த அந்த உலகத்தில் நுழைவது சிபாரிசால், நிலைப்பது நட்பால். தேர்வும் இல்லை, விளம்பரமும் இல்லை.

அரசியலில் சங்கரன்கோவிலுக்கு ஒரு தனிக் கதை உண்டு. அமைச்சராக இருந்த கருப்பசாமி மறைந்ததால் 2012 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலை நாடே பார்த்தது. ஜெயலலிதா அமைச்சரவை முழுவதும் இங்கே முகாமிட்டது என்று அப்போது பேச்சு. நகராட்சித் தலைவராக இருந்த முத்துச்செல்வி பெரும் வித்தியாசத்தில் வென்றார். 2016-ல் ராஜலெட்சுமி வென்று, 2017 முதல் 2021 வரை ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சராகவும் இருந்தார். ஆக, இந்தத் தனித்தொகுதி ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பெண்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. எத்தனை ஊர் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டமும் இருக்கிறது. 2019 ஊரகத் தேர்தலிலும் 2022 நகர்ப்புறத் தேர்தலிலும் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஒரு பெண் கவுன்சிலரின் எண்ணுக்கு போன் போட்டால் யார் எடுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். "சொல்லுங்க, அவங்க வீட்டுக்காரர்தான் பேசுறேன்." மனு வாங்குவது, நிருபருக்குப் பேட்டி கொடுப்பது, வாட்ஸாப் குழுவில் படம் போடுவது எல்லாம் அவர். பதவி மாறிய அளவுக்கு போன் கைமாறவில்லை. இதையும் மக்கள் தொடர்பில் உள்ள ஏற்றத்தாழ்வாகவே எண்ண வேண்டும். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்கும் மக்களுக்கும் நடுவில் ஓர் ஆண் சம்பளமில்லாத பி.ஆர்.ஓ.வாக உட்கார்ந்திருக்கிறார்.

சம்பளமில்லாத, அல்லது சம்பளம் என்று சொல்ல முடியாத தொகைக்கு மக்கள் தொடர்பு செய்கிறவர்கள் பெண்களிலும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் மிக அதிகம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். போலியோ சொட்டு மருந்து எந்த ஞாயிறு, எந்த வீட்டில் ஏழு மாதம், எந்த மாமியார் மாத்திரை சாப்பிட விடமாட்டார், அந்த மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். எந்த ஏஜென்சியும் இத்தனை நுணுக்கமாக வாடிக்கையாளரைப் பிரித்து வைத்திருக்காது. இவருக்கு மத்திய அரசு கொடுப்பதற்குப் பெயரே மதிப்பூதியம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறவர்களும் பெண்கள். அதே ஆண்டு வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யின் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களுக்குத் தரப்பட்டது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போனது பெரிய செய்தி. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது, ஏன் என்று தெருவில் நின்று பதில் சொல்லி வசவு வாங்கியவர்கள் செய்தியில் வரவில்லை.

இந்தியப் பெண்களுக்குப் பணியிடப் பாதுகாப்பு வந்த கதையும் இப்படியொரு பட்டமில்லாத மக்கள் தொடர்பாளரிடமிருந்துதான் தொடங்குகிறது. ராஜஸ்தான் பட்டேரி கிராமத்தின் பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஆக இருந்தவர். வீட்டுக்கு வீடு போய்க் குழந்தைத் திருமணம் வேண்டாம் என்று சொல்வது அவர் வேலை. ஒரு கைக்குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் அவரைக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். கீழ்க் கோர்ட்டு 1995-ல் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கொடுமையை ஒட்டிப் பெண் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013-ல் அது சட்டமானது. அரசின் செய்தியை மக்களிடம் கொண்டுபோன வேலைக்கு ஒரு பெண் கொடுத்த விலை அது. ஏர்கண்டிஷன் அலுவலகத்து மக்கள் தொடர்பு அதிகாரிக்கு இன்று உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதென்றால் அது பன்வாரி தேவி வழியாக வந்தது.

அந்தச் சட்டம் வேலையின் பொருட்டுப் போகும் எந்த இடத்தையும், அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியையும்கூடப் பணியிடமாகக் கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சுயநிதிக் கல்லூரிகள் பல, ஆசிரியைகளை அட்மிஷன் பிடிக்க அனுப்பும் வழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஆளுக்கு இத்தனை மாணவர் என்று இலக்கு. நோட்டீசோடு பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு தேடிப் போக வேண்டும். வெயிலில் தண்ணி கேட்டு நின்று, "எங்க காலேஜில பஸ் வசதி இருக்கு, ஃபீஸ் கொறச்சுக்கலாம்" என்று பெற்றோரிடம் பேச வேண்டும். எம்.பில்., பிஎச்.டி. முடித்தவர் செய்யும் முழு நீள மக்கள் தொடர்பு வேலை இது. கல்லூரியில் பி.ஆர்.ஓ. என்று ஒருவர் இருந்தால் அவர் கார் அனுப்பும் பட்டியலைச் சரிபார்ப்பார். இலக்கு எட்டாத ஆசிரியைக்குச் சம்பளத்தில் பிடித்தம் என்றும் கேள்விப்படுகிறோம். தெருவில் யாராவது தவறாக நடந்தால் கல்லூரியின் புகார்க் குழு அதைத் தன் எல்லைக்குள் உள்ளதாக எடுத்துக்கொள்ளுமா? சட்டத்தின் வாசகப்படி அந்தத் தெருவும் பணியிடம்தான்.

மறுபடி அரசின் களப் பணியாளர்களிடம் வருவோம். அங்கன்வாடிப் பணியாளருக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு உண்டு. கிராம சுகாதார செவிலியர் சமுதாய சுகாதார செவிலியர் ஆகலாம். அந்தந்தத் துறைக்குள் ஏணி இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் தெருவில் பேசிப் பழகிய ஒரு பெண், செய்தி மக்கள் தொடர்புத் துறைக்குள் வருவதற்குப் படி எதுவும் இல்லை. இல்லம் தேடிக் கல்விக்கு வந்தவர்களில் நடுநிலை வகுப்பு எடுக்கப் பட்டப்படிப்பு கேட்டார்கள், பட்டதாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்காவது ஒன்றிய அளவில் மக்கள் தொடர்புப் பணியிடம் உருவாக்கி, கள அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுத்து, எழுத்துத் தேர்வு வைத்து எடுத்தால் என்ன என்று யோசிக்கலாம். சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் ஒன்றியங்களுக்கு ஒருவர் வீதம் போட்டால்கூட மூன்று பணியிடம். வண்டிப்படியும், நிருபரிடம் நேரடியாகப் பேசும் அதிகாரமும் அதோடு சேர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் இன்னொரு மதிப்பூதியப் பட்டியலில் மூன்று பெயர் கூடும், அவ்வளவுதான்.